ஜனவரியின் குரல்

பிப்ரவரி 3, வெள்ளி

'செவி' பெரிய பெயர் எடுத்த பிறகு யாராவது அதன் வரலாற்றை எழுத வருவார்கள். அவர்களுக்குத் தேதிகள் தேவைப்படும். அதனால் இன்று முதல் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் தளவாய். பகலில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மீதி நேரமெல்லாம் செவி. கணினித் திரையில் இருக்கும் தமிழை உரக்க வாசிக்கும் மென்பொருள் அது. பார்வையில்லாதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே படிக்கலாம், எழுதலாம். கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். யார் வேண்டுமானாலும் என்பது கொள்கை. நடைமுறையில் திருத்துவது நான். பெங்களூரிலிருந்து ஒருவர் எப்போதாவது ஒரு காற்புள்ளியை மாற்றி அனுப்புவார்.

செவி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று களஞ்சியம். நான் இன்று எழுதியது இன்றே அங்கே இருக்கும். இன்னொன்று ஸ்னாப்ஷாட். களஞ்சியம் ஒருநாள் இருந்த நிலையை அப்படியே படம்பிடித்ததுபோல் நிறுத்தி, அதற்கு மேல் யாரும் கைவைக்காமல், வாரக்கணக்கில் கேட்டுச் சோதித்து வெளியிடுவது. இப்போது புழக்கத்தில் இருப்பது ஜனவரி ஸ்னாப்ஷாட். சோதிக்கிறவர் பியூலா மேடம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறார். பிறவியிலேயே பார்வையில்லை. அவருடைய சோதனை முறை மிக எளிமையானது: வரலாற்றுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை செவியை வாசிக்கவைத்துக் கேட்பார். பிறகு பழைய கேள்வித்தாள்கள். இதற்குப் பெயர் சோதனை என்றால், வானொலி கேட்கிற எல்லாரும் பொறியாளர்கள்தான்.

இன்றைய செய்தி: அவருடைய கல்லூரியில் பார்வையில்லாத மாணவர்கள் ஏப்ரலில் வரலாற்றுத் தாளைத் தாங்களே கணினியில் எழுதலாம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டுவிட்டது. இதுவரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துச் சொல்ல வேண்டும், இவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். இனிமேல் செவி வாசிக்கும், இவர்களே தட்டச்சு செய்வார்கள். இந்த ஒரு தாள் நல்லபடியாக முடிந்தால் எல்லாத் தாள்களுக்கும் அனுமதி. சொதப்பினால் பழையபடி ஆள் தேடிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

எந்தச் செவியைப் பயன்படுத்துவது என்று பியூலா மேடம் கேட்டார். இதில் கேள்வியே இல்லை. களஞ்சியத்தில் புத்தம்புதிய குரல் இருக்கிறது. அது யாருடைய குரல் என்பது முக்கியமில்லை. (என்னுடையது.)

பிப்ரவரி 13, திங்கள்

கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்ப் புதிய செவியை மாணவர்களுக்குக் காட்டினேன். ஜனவரியின் குரல் களைத்துப்போன ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல் போல இருக்கும். புதிய குரல் அப்படியில்லை. முதல் பத்தி முடிந்ததும் வகுப்பில் ஓர் அமைதி. அதை நான் பிரமிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இறுதியாண்டு படிக்கும் இசக்கியம்மாள், "நம்ம சார் குரல்லா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்பான பிள்ளைகள்.

பிறகு தேர்வு பற்றிய சுற்றறிக்கையை வாசிக்கவைத்தேன். கீழே கையெழுத்திட்டிருந்தவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கி.பி. அருமைநாயகம். ஆண்டுகளுக்கு முன்னால் வரும் கி.பி.யை விரித்து வாசிக்க நான் ஒரு விதி எழுதியிருந்தேன். செவி தெளிவாக, கம்பீரமாக, "கிறிஸ்துவுக்குப் பின் அருமைநாயகம்" என்று வாசித்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தேன். சரிசெய்த பிறகு 1801ஆம் ஆண்டுக்கு இனிஷியல் வந்துவிட்டது. அதையும் சரிசெய்தேன். களஞ்சியத்தின் சிறப்பே இதுதான்: பிழை வந்தால் உடனே சரிசெய்துவிடலாம். ஸ்னாப்ஷாட்டில் முடியுமா?

கிளம்பும்போது இசக்கி வாசல்வரை வந்தாள். புதுக்குரல் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பழசு தப்பா சொன்னா, என்ன சொல்ல வருதுன்னு எங்களுக்குப் புரிஞ்சிரும் சார். இது எப்போ தப்பா சொல்லும்னே தெரியலயே" என்றாள்.

பழக்கதோஷம். இளம் வயதில் இப்படி இருக்கக் கூடாது.

பிப்ரவரி 26, ஞாயிறு

வீட்டு டிவியில் புதிய பதிப்பு வந்திருந்ததால் ஏற்றினேன். இப்போது படம் மிகத் துல்லியமாக இருக்கிறது. ஒலிதான் வரவில்லை. என் மனைவி காந்திமதி அவளுடைய தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வாயசைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? அத ஏன் போயி நோண்டுனீங்க?" என்று கேட்டாள்.

தொழில்நுட்பத்தின் போக்கை அவளுக்கு விளக்கினேன். எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 8, புதன்

கடைக்கு ஒரு கம்பெனிப் பிரதிநிதி வந்தார். எங்கள் பில் போடும் மென்பொருள் மிகப் பழையது, புதிய பதிப்பு வந்துவிட்டது, இலவசமாகவே மாற்றித்தருகிறோம் என்றார். ஓடிக்கொண்டிருக்கிற பில்லில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். முதலாளி என் தோளில் தட்டினார்.

கடை வேறு, செவி வேறு. பண்டிகை நேரத்தில் பில் வரவில்லை என்றால் வரிசையில் நிற்பவர்கள் கடையையே இரண்டாக்கிவிடுவார்கள். செவி பயன்படுத்துகிறவர்கள் பொறுமைசாலிகள்.

மார்ச் 15, புதன்

தேர்வு அலுவலகத்தில் கூட்டம். அருமைநாயகம் சார் நல்ல மனிதர். தம் பெயர் வாசிக்கப்பட்ட விதம் அவர் காதுக்குப் போயிருந்தது என்று நினைக்கிறேன். "எது பாதுகாப்பானது?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

பியூலா மேடம் ஜனவரியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். வேகமாக வாசிக்கும்போது ழகரம் ளகரம்போல் கேட்கும். அட்டவணைகளைக் குழப்பும். காந்தியின் பெயரைக் 'காந்தம்' என்பதில் வரும் 'கா'வைப் போட்டு வாசிக்கும். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, என் வேலையை அவரே செய்துகொண்டிருந்தார். முடித்ததும் நான் எழுந்து, களஞ்சியத்தில் இருக்கும் புதிய பதிப்பில் தெரிந்த குறை ஒன்றுகூட இல்லை என்றேன்.

"தெரிஞ்ச குறை இல்ல சார்" என்றார் அவர், 'தெரிஞ்ச' என்பதை அழுத்தி. "அதத்தான் நானும் சொல்லுதேன்."

ஜனவரி என்று முடிவாயிற்று. பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். அலுவலக வாசலில் பியூலா மேடம் என்னிடம், வருத்தமா என்று கேட்டார். இல்லை என்றேன். புதிய குரலை ஜூலை ஸ்னாப்ஷாட்டில் நிதானமாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நிதானமாக என்ற சொல்லை அவர் அடிக்கடி பயன்படுத்துகிறார்.

எனக்கு வருத்தமே இல்லை. கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட வாதங்களை இங்கே எழுத ஆரம்பித்தேன். நான்காவது பக்கத்தில் பேனா தீர்ந்துவிட்டது.

மார்ச் 16, வியாழன்

தேசத்தந்தையின் பெயரை அப்படியா வாசிப்பது?

ஏப்ரல் 2, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றார். காந்திமதி என்னைப் பார்த்தாள்.

தேர்வு நாளன்று பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று அருமைநாயகம் சார் சொல்லியிருக்கிறார். செவி எப்படி வாசிக்கிறது என்று கேட்க விரும்புவார்கள். வரலாற்றுத் தாள் வேறு. காந்தியில்லாமல் வரலாற்றுத் தாள் உண்டா? மாநிலம் முழுக்கப் பார்க்கும் ஒரு நிகழ்ச்சியில் என் மென்பொருள் காந்தியைக் காந்தம் ஆக்கும். அதற்குப் பிறகு எத்தனை வருடம் உழைத்தாலும் அதுதான் பேச்சாக இருக்கும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

இன்று ஒரு சிறு வேலை செய்தேன். வரலாற்றாசிரியர்களுக்காகச் சரியாகக் குறிப்பிடுகிறேன். ஜனவரி ஸ்னாப்ஷாட்டில் நான் கைவைக்கவில்லை. அதிலிருக்கும் உச்சரிப்பு விதிகளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன், அவ்வளவுதான். காந்தி என்ற சொல்லையும் அதோடு ஒட்டிவரும் காந்தியின், காந்தியை, காந்தியடிகள் போன்றவற்றையும் பிடித்து, 'கங்கை'யின் முதல் எழுத்தைச் சொல்வதுபோல் சொல்லவைக்கும் வரி. ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் தட்டிக் கேட்டேன். கணீரென்று வந்தது.

பிறகு எங்கள் இணையதளத்தில் பழைய ஜனவரியை எடுத்துவிட்டு இதை வைத்தேன். பெயர் அதே ஜனவரிதான். ஒரு வரிக்காகப் பெயரை மாற்றுவது குழப்பம்.

பியூலா மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து கேட்க உட்கார்ந்துவிடுவார். தேர்வு நெருங்கும் சமயத்தில் ஓர் ஆசிரியரின் நேரத்தை அப்படி வீணடிப்பது நியாயமில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. வடை, பாயசம். செல்போனில் புதிய பதிப்பு ஏற்றினேன். அழைப்பு வந்தால் இப்போது மணி அடிப்பதில்லை, மெல்ல ஒளிர்கிறது. அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 17, திங்கள்

கல்லூரிக் கணினி உதவியாளர் தேர்வு அறையின் எல்லாக் கணினிகளிலும் ஜனவரியை ஏற்றிவிட்டதாகச் சொன்னார். எங்கள் தளத்திலிருந்தே இறக்கினாராம். மிகவும் பொறுப்பானவர்.

ஏப்ரல் 18, செவ்வாய்

நாளைக்கு நீல முழுக்கைச் சட்டை. வெள்ளை என்றால் படத்தில் பளிச்சென்று அடிக்கும் என்று காந்திமதி சொன்னாள். நானே இஸ்திரி போட்டேன்.

மாலையில் பியூலா மேடம் இரண்டு மூன்று முறை அழைத்திருக்கிறார். முதல் அழைப்பு ஒளிர்ந்தபோது பார்த்தேன். சட்டையின் காலர் பாதியில் இருந்தது. தவிரவும் என்ன சொல்வார் என்று தெரியும்: நேரத்துக்கு வந்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கு எல்லாரும் மாணவர்கள்தான். பிறகு அவர் காந்திமதியின் எண்ணுக்கே பேசியிருக்கிறார். "ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிட்டேன்னு சார்ட்ட சொல்லிருங்கன்னாங்க" என்றாள் காந்திமதி.

எதைப் பார்த்துக்கொண்டார் என்று அவளும் கேட்கவில்லை. நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர் ஏற்பாடாக இருக்கும். அதிலெல்லாம் அவர் கெட்டிக்காரர்.

ஏப்ரல் 19, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டேன். மாணவர்கள் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். கண்காணிப்பாளர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதியில்லை. பாடம் நடத்தும் ஆசிரியர் என்பதால் பியூலா மேடமும் துறை அறையில்தான் இருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் தேர்வு முடியும்போது வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் வராந்தாவில் ஒரு பெஞ்சில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

உள்ளே அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதை நானும் கேட்கலாமே என்று தோன்றியது. நான் திருத்திய ஜனவரியைத் திறந்து, காதில் மாட்டிக்கொண்டு, அன்றைய செய்தி ஒன்றை வாசிக்கவிட்டேன். ஏதோ ஊரில் காந்தி சிலைக்கு அமைச்சர் மாலை அணிவித்திருந்தார். திரையில் அப்படித்தான் இருந்தது. செவி வாசித்தது: "காந்தி அமைச்சர் மாலை அணிவித்தார்."

நான் சிரித்தேன். அதைப் பதிவு செய்ய வேண்டும், முதலில் சிரிக்கத்தான் செய்தேன். மறுபடி வாசிக்கவிட்டேன். மறுபடியும் 'சிலைக்கு' இல்லை. 'காந்தி வாழ்ந்த ஊர்' என்று தட்டினேன். "காந்தி ஊர்" என்றது.

விதியைத் திறந்து பார்த்தேன். காந்தியோடு ஒட்டிவரும் எழுத்துகளைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. அது இடைவெளியைத் தாண்டி அடுத்த சொல்லையும் பிடித்து விழுங்கிக்கொண்டிருந்தது. நான் சோதித்தபோது ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் தட்டியிருந்தேன். அடுத்த சொல்லே இருக்கவில்லை.

'காந்தி தொடங்காத இயக்கம் எது?' என்று ஒரு கேள்வி இருந்தால், உள்ளே இருப்பவர்களுக்கு 'தொடங்காத' கேட்காது. கேட்கவில்லை என்பதும் தெரியாது. நன்றாகப் படித்தவர்கள் நம்பிக்கையோடு தவறான விடையை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கதவைத் தட்டினால் தேர்வு நிற்கும். தேர்வு நின்றால் இந்த ஏற்பாடே அதோடு முடிந்தது. பல்கலைக்கழகம் மறுபடி இந்தப் பக்கம் திரும்பாது. தட்டாவிட்டால் இசக்கிக்கும் மற்றவர்களுக்கும் மதிப்பெண் போகும், யாருக்கும் காரணம் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதை எத்தனை முறை நினைத்தேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. கேள்வித்தாளில் காந்தியே இல்லாமலும் இருக்கலாம் என்றும் நினைத்தேன். காந்தியில்லாத வரலாற்றுத் தாள் உண்டா என்று இந்த மாதம் இரண்டாம் தேதிதான் நானே கேட்டிருந்தேன்.

நிதானமாக யோசிக்க வேண்டும் என்று கேன்டீனுக்குப் போனேன். பிறகு பியூலா மேடத்திடம் சொல்வதுதான் முறை என்று முடிவெடுத்தேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவருக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டேன்.

துறை அறையில் அவர் மட்டும் இருந்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சிறு தொழில்நுட்பச் சிக்கல் இருக்க வாய்ப்பிருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"காந்திக்கு அடுத்த வார்த்தைதானே சார்?" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

முந்தின நாள் மாலை தேர்வு அறைக்குப் போய், ஒவ்வொரு கணினியிலும் பழைய கேள்வித்தாள் ஒன்றை வாசிக்கவைத்துக் கேட்டிருக்கிறார். அதில் 'காந்தி பங்கேற்காத வட்டமேசை மாநாடுகள் எவை' என்று ஒரு கேள்வி. முதல் கணினியிலேயே 'பங்கேற்காத' வரவில்லை. காந்தியின் பெயர் மட்டும் திடீரென்று மிகச் சுத்தமாக வந்ததாம். "ஜனவரி அந்தப் பேர அவ்ளோ நல்லா சொல்லாதே சார்" என்றார். உடனே என்னை அழைத்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. கணினி உதவியாளரைத் திரும்ப வரவழைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தான் ஜனவரியில் கேட்டு முடித்தபோது எடுத்துவைத்திருந்த பிரதியை ஏற்றவைத்து, மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். உள்ளே இப்போது வாசித்துக்கொண்டிருப்பது அந்தப் பழைய ஜனவரி. காந்தம் என்பதுபோல் காந்தி என்று சொல்கிற ஜனவரி.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை என்றேன். ஒரே ஒரு வரிதான் என்றும், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எப்போது தெரியவந்தது என்று கேட்டார்.

"இப்பதான் மேடம்."

அவர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"டீ வாங்கிட்டு வர நேரம் இருந்திருக்கு" என்றார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மேசையில் டம்ளரை வைத்துவிட்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலிலேயே சொன்னார்: "போன வருசம் இசக்கிக்கு வாசிச்சுச் சொன்ன பொண்ணு ஒரு கேள்விய விட்டுட்டா. இவளுக்குச் சந்தேகம் வந்து திரும்பக் கேட்டா, சண்டை போட்டா, அவளும் தேடி வாசிச்சா. மனுசங்க விட்டா கேட்டு வாங்கிரலாம் சார். மெசினு விட்டா, விட்டதே தெரியாது. அதுக்காகத்தான் நான் புத்தகம் முழுக்க உக்காந்து கேக்கேன். எனக்கு அந்தப் புத்தகம் தெரியாதுன்னா கேக்கேன்?"

தேர்வு முடிந்து மாணவர்கள் வெளியே வந்தார்கள். இசக்கி எழுதி முடித்துவிட்டுத் திருப்பிப் படித்துப் பார்க்கவும் நேரம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேர்வில் தான் எழுதியதைத் தானே திருப்பிப் படித்தது இதுதான் முதல் தடவையாம். ஓர் இடத்தில் எழுத்துப் பிழை இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். காந்தியைப் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்திருந்தது என்றாள்.

பத்திரிகைக்காரர் ஒருவர் அவளிடம், அந்தக் குரலில் என்ன பிடிக்கும் என்று கேட்டார். "அது எங்கெங்க தப்புப் பண்ணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. என்னிடம் வந்தார். நான் விளக்கினேன்.

ஏப்ரல் 20, வியாழன்

செய்தி வந்திருக்கிறது. 'அதிநவீன மென்பொருளில் தேர்வெழுதிச் சாதனை.' நீலச் சட்டை நன்றாக விழுந்திருக்கிறது. பியூலா மேடத்தின் முழங்கை தெரிகிறது.

கடையில் முதலாளி எல்லாருக்கும் காட்டினார். காந்திமதி பேப்பரை மடித்து அலமாரியில் வைத்தாள். பிறகு, அந்த மேடம் என்னத்தப் பாத்துக்கிட்டாங்களாம் என்று கேட்டாள். மின்விசிறி என்றேன்.

ஏப்ரல் 22, சனி

இரண்டு முடிவுகள்.

ஒன்று: ஒன்பதாம் தேதிக்குப் பிறகு தளத்திலிருந்து ஜனவரியை இறக்கியவர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 'மேம்பாட்டுப் பணியின்போது நேர்ந்த ஓர் ஒத்திசைவின்மை' என்று தொடங்கி நானே ஒன்று எழுதினேன். பியூலா மேடம் அதைச் செவியை வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு, திருத்தி அனுப்பினார். திருத்திய வடிவம்: 'இதில் ஒரு பிழை இருக்கிறது. காந்தி என்ற பெயருக்கு அடுத்த சொல்லை வாசிக்காது. சேர்த்தவர் தளவாய். அழித்துவிட்டுப் பழையதை ஏற்றிக்கொள்ளுங்கள்.' சுருக்கமாகத்தான் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஒரு வழக்கறிஞர் பதில் போட்டார்: தானம் கொடுத்த காந்தி என்பவருடைய பத்திரம் ஒன்றைத்தான் இந்த வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாராம். நல்லவேளையாக இன்னும் தாக்கல் செய்யவில்லையாம்.

இரண்டு: இனிமேல் வெளியிட்ட ஸ்னாப்ஷாட்டில் கைவைக்கும் அனுமதி என்னிடம் இருக்காது. பியூலா மேடத்திடமும் இசக்கியிடமும் மட்டும் இருக்கும். செவியின் நலன் கருதி நானாகவே முன்வந்து விட்டுக்கொடுத்தேன். அதற்கான வாசகத்தை அவர்கள் முன்பே தயாரித்து வைத்திருந்ததால் என் வேலை சுலபமாயிற்று.

களஞ்சியம் இன்னும் என்னுடையதுதான். அங்கே நான் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

மே 7, ஞாயிறு

ஒன்றும் எழுதவில்லை. களஞ்சியத்திலும்.

ஜூன் 10, சனி

முடிவுகள் வந்துவிட்டன. எல்லாரும் தேறிவிட்டார்கள். வரலாற்றில் வகுப்பிலேயே இசக்கிதான் முதல், பார்வையுள்ளவர்களையும் சேர்த்து. அடுத்த பருவத்திலிருந்து எல்லாத் தாள்களையும் இப்படியே எழுதலாம் என்று அருமைநாயகம் சார் உத்தரவு போட்டிருக்கிறார். உத்தரவில் 'சோதித்து முடித்த பதிப்பை மட்டும்' என்று ஒரு வரி. யார் சொல்லி அது வந்தது என்று எனக்குத் தெரியாது.

பியூலா மேடம் பேசினார். ஜூலை ஸ்னாப்ஷாட்டைக் கேட்க உட்காரப்போகிறார்களாம். புதிய குரலோடு. நிரல் எழுதுகிறவர்களும் ஒருமுறையாவது முழுக்கக் கேட்க வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். கடையில் ஆடித் தள்ளுபடி வேலை இருக்கிறது, பார்க்கிறேன் என்றேன். பெங்களூர்க்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். காற்புள்ளிக்காரர். அப்படியானால் நானும் வருகிறேன் என்றேன்.

ஜூன் 17, சனி

துறை அறையில் பியூலா மேடமும் இசக்கியும் அவளோடு தேர்வெழுதிய மாணவர்களும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சத்தம் கலக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். பெங்களூர்க்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மிகச் சிறிய வயது. எங்கள் இருவரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். திரையைப் பார்த்தால் காதுக்கு முன்னால் கண் வாசித்துவிடும், கேட்டதாக நினைத்துக்கொள்வோம் என்றார் பியூலா மேடம்.

விதி இதுதான்: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒருவர் பொறுப்பு. பிழை வந்தால் அவர்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அப்போதுதான் யார் காது எங்கே தூங்குகிறது என்று தெரியுமாம்.

என் குரலை இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கேட்டதில்லை. முதல் பாடத்தில் நன்றாக இருந்தது. இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஏதோ விருது வாங்கப்போவதுபோல் ஓர் இழுப்பு இருப்பது தெரிந்தது. மூன்றாவதில் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. வேர்த்து ஊற்றியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அது பிழையில்லை.

ஆறாவது பாடம் என் பொறுப்பு. பெருங்கிளர்ச்சி. குரல் வாசித்துக்கொண்டே போனது. "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு கழித்தல் இல்" என்றது.

1857-இல். ஆண்டுக்கும் 'இல்'லுக்கும் நடுவே இருக்கும் சிறு கோடு. கணக்குப் புத்தகங்களுக்காகப் போன வாரம்தான் அதற்கு ஒரு விதி எழுதியிருந்தேன்.

கையைத் தூக்கினேன்.

குரல் நிற்கவில்லை. "ஐம்பத்தெட்டு கழித்தல் இல்" என்றது. இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கினேன். மீரட், டெல்லி, கான்பூர் என்று கிளர்ச்சி பரவிக்கொண்டிருந்தது, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கழித்தலோடு. இசக்கி ஏன் நிறுத்தவில்லை என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். வட்டத்தில் எல்லாரும் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். இசக்கியின் விரல் நிறுத்தும் விசையின்மேல் தயாராக இருந்தது. பெங்களூர்க்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அந்த அறையில் என் கையைப் பார்க்க யாருமில்லை.

கையை இறக்கினேன். இன்னொரு கழித்தல் போயிற்று.

"தப்பு" என்றேன்.

வெளியே வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன்: "தப்பு. அது என் வரி."

இசக்கி விசையைத் தட்டினாள். ஒரு சொல்லின் பாதியில் என் குரல் நின்றது. அறையில் நாற்காலிகள் லேசாக அசைந்தன, எல்லாரும் மூச்சை விட்டதுபோல்.

"மொதக் கழித்தல்லயே எங்களுக்குக் கேட்டுருச்சு சார்" என்றாள் இசக்கி. "நீங்க சொல்லுதீங்களான்னுதான் இருந்தோம்."

பியூலா மேடம் பாடத்தை முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.